எத்தனையாவது நாள்?

"எத்தனை நாளாம்மா காய்ச்சல்?"

"ரெண்டு மூணு நாளா அடிக்குதுங்க."

புரட்டாசி பிறந்துவிட்டால் அரியலூர்ப் பக்கத்துக் காய்ச்சல் பிரிவுகளில் காலையிலிருந்து மாலை வரை நடக்கும் பேச்சு இது. கல்லங்குறிச்சியிலிருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கும் தாய்க்கு 'ரெண்டு மூணு' என்பது ஒரே சொல். எதிரே உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு அது மூன்று வெவ்வேறு கேள்விகள். எந்தப் பரிசோதனைக்கு எழுதுவது, வரும் முடிவை எவ்வளவு நம்புவது, ஆபத்து இனிமேல் வரப்போகிறதா, கடந்துவிட்டதா? மூன்றுக்கும் விடை நாள் கணக்கில் இருக்கிறது. டெங்குவைப் பற்றி எவ்வளவோ சுவரொட்டிகள் ஒட்டியிருக்கிறோம். காய்ச்சல் தொடங்கிய நாளையும் வேளையையும் எழுதி வையுங்கள் என்று சொல்லும் சுவரொட்டி கண்ணில் படுவது அரிது. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் குறைதான்.

கல்லங்குறிச்சியை வெளியூர்க்காரர்கள் இரண்டு விதமாக அறிவார்கள். கல் கம்பத்தையே மூலவராக வணங்கும் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் ஒன்று. மற்றொன்று சுண்ணாம்புக்கல். நிலவியல் படித்தவர்களிடம் இந்த ஊரின் பெயரைச் சொன்னால் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த ஒரு பாறை அடுக்கைச் சொல்வார்கள். அந்த அடுக்குக்கே கல்லங்குறிச்சியின் பெயர்தான். அந்தக் கல்லை வெட்டித்தான் சிமெண்ட் ஆலைகள் ஓடுகின்றன. வெட்டிய குழிகளில் மழைநீர் ஏரிபோல நிற்கிறது. அந்தப் பெரிய குழிகளைப் பார்த்து 'கொசு அங்கேதான் உற்பத்தியாகிறது' என்று கை காட்டுவது எளிது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு பெரும்பாலும் அவ்வளவு பெரிய நீரைத் தேடிப் போவதில்லை. வீட்டு வாசலில் இருக்கும் சிமெண்ட் தொட்டி, மூடி சரியாகப் பொருந்தாத பிளாஸ்டிக் டிரம், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், தேங்காய்த் தொட்டி, கல் லாரிகள் போய்வரும் சாலையோரப் பஞ்சர் கடையில் அடுக்கி வைத்த பழைய டயர்: இவைதான் அதற்கு வேண்டும். டயரின் உட்குழிவில் ஒரு டம்ளர் மழைநீர் தங்கினால் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உலர்ந்தபடியே காத்திருந்து, அடுத்த மழைக்குப் பொரியும். புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டம் கலைந்த பிறகு கிடக்கும் பிளாஸ்டிக் டம்ளர்கள் மீது ஐப்பசி மழை பெய்வதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கொசு பற்றி இவ்வளவு போதும். காய்ச்சலுக்கு வருவோம்.

காய்ச்சலைப் பார்த்தே டெங்கு என்று சொல்லிவிட முடியுமா? தமிழ்நாடே இதற்கு ஒரு பழைய பாடம் வைத்திருக்கிறது. 1780-இல் சென்னையில் டெங்கு போன்ற காய்ச்சல் பரவியதாக வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. அன்று வைரஸ் என்ற சொல்லே மருத்துவத்தில் இந்தப் பொருளில் இல்லை. அது உண்மையில் டெங்குதானா என்று யாராலும் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது. 1964-இல் தென்னிந்தியாவில் மறுபடி 'டெங்கு போன்ற' காய்ச்சல் பரவியபோது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும் கொசுக்களிலிருந்தும் வைரஸைப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். கிடைத்தது சிக்குன்குனியா. அதே காலத்தில் டெங்கு வைரஸ்களும் அந்தப் பகுதியில் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தக் குழுவைச் சேர்ந்த மயர்ஸும் கேரியும் 1967-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை இன்னும் வியப்பானது: ஒரே நோயாளியின் ரத்தத்தில் சிக்குன்குனியாவும் இரண்டாம் வகை டெங்குவும் சேர்ந்தே இருந்தன. இரண்டையும் கொண்டுவருவது ஒரே ஏடிஸ் கொசுதான். திறமையான மருத்துவர் கண்ணும் கையும் வைத்துச் சொல்லக்கூடியது ஐயம் வரைதான் என்பதை வேலூர் ஆய்வுக்கூடம் அன்றே காட்டிவிட்டது.

ஐயப்படத் தெரிவதும் பெரிய திறமைதான். டெங்குக் காய்ச்சல் சொல்லாமல் கொள்ளாமல் வரும். காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளை மாலையில் 103 டிகிரியோடு சுருண்டு படுக்கும். தலைவலி, கண்ணை அசைத்தால் கண்ணுக்குப் பின்னால் வலி, அடித்துப் போட்டதுபோல உடம்புவலி, குமட்டல். சளியும் இருமலும் பெரிதாக இருக்காது. முகமும் மார்பும் சிவந்திருக்கும். விரித்த கையை முதுகில் அழுத்தி எடுத்தால் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்து மெல்ல மறையும். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் இந்தச் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், பாடப்புத்தகப் படத்தை நம்பி 'தடிப்பு இல்லையே' என்று விட்டுவிடக் கூடாது. ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கையில் சுற்றி, மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் நடுவில் ஐந்து நிமிடம் நிறுத்தி, பிறகு ஒரு சதுர அங்குலத்தில் பத்தோ அதற்கு மேலோ ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று எண்ணும் சோதனை ஒன்று உண்டு. செலவில்லாதது, அவசரமான புறநோயாளிப் பிரிவில் அந்த ஐந்து நிமிடம்தான் கிடைப்பதில்லை.

இதே மாவட்டத்தில் இதே மாதங்களில் டெங்குவின் சாயலில் வரும் வேறு காய்ச்சல்களும் உண்டு. மூட்டுகள் வீங்கி, காய்ச்சல் விட்ட பிறகும் வாரக்கணக்கில் நடக்கவிடாமல் செய்தால் சிக்குன்குனியாவை நினைக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்கரப் டைபஸ் மிக முக்கியமானது. டெங்குவைப் போலவே அதிலும் தட்டணுக்கள் குறையும். அதனால் 'பிளேட்லெட் இறங்கிடுச்சு, டெங்குதான்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டதுபோல ஒரு கருகிய பொருக்கு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்த்தால் சில நேரம் விடை அங்கேயே கிடைக்கும். அந்த நோய்க்கு டாக்சிசைக்ளின் இருக்கிறது. டெங்குவுக்கு அப்படி ஒரு மருந்து இல்லை. ஒன்றை மற்றொன்று என்று நினைத்து நாள் கடத்துவது உயிரைக் கடத்துவது. சூழலுக்கு ஏற்ப மலேரியா, எலிக் காய்ச்சல், டைபாய்டு ஆகியவற்றையும் மருத்துவர் நினைத்துப் பார்ப்பார்.

இனிப் பரிசோதனைகள். இங்கேதான் நாள் கணக்கு தன் முழு வலுவைக் காட்டுகிறது.

கொசு கடித்த நான்கிலிருந்து பத்து நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். காய்ச்சல் தொடங்கும்போது வைரஸ் ரத்தத்தில் நிறைந்திருக்கிறது. வைரஸ் புகுந்த உயிரணுக்கள் என்.எஸ்.1 என்ற புரதத்தை ரத்தத்தில் கொட்டுகின்றன. அந்தப் புரதத்தைத் தேடுவதுதான் என்.எஸ்.1 பரிசோதனை. முதல் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை இதற்கு மதிப்பு. வைரஸின் மரபுப் பொருளையே தேடும் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனைக்கும் அதே காலம்தான்; நான்கு டெங்கு வகைகளில் எது என்று சொல்ல வல்லது அது. நாள் ஏற ஏற வைரஸ் குறைகிறது, உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் கூடுகிறது. முதலில் வருவது ஐஜிஎம். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி தரும் கணக்கு இது: மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பாதிப் பேருக்கு ஐஜிஎம் தெரியும்; ஐந்தாம் நாளில் 80 சதவீதம் பேருக்கு; பத்தாம் நாளில் 99 சதவீதம் பேருக்கு. இரண்டாம் நாளில் ஐஜிஎம் மட்டும் பார்த்து 'டெங்கு இல்லை' என்று சீட்டு வாங்குவது, விதைத்த மறுநாள் வயலைப் பார்த்து முளைக்கவில்லை என்று திரும்புவதைப் போன்றது. அதேபோல ஏழாம் நாளில் என்.எஸ்.1 மட்டும் பார்த்தால், வந்துபோன விருந்தாளியை வாசலில் தேடுகிறோம்.

பலரும் அறியாத ஒரு நுட்பம் இதில் உண்டு. டெங்குவில் நான்கு வகை வைரஸ்கள். ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு வாழ்நாள் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்கும் சில மாதங்களுக்குத்தான். பின்னர் வேறு வகை தாக்கும்போது, பழைய எதிர்ப்பொருள்கள் புதிய வைரஸைக் கொல்லாமல் உயிரணுக்களுக்குள் ஏற்றிவிடும் ஏணியாகலாம். பாங்காக்கில் 1960-களில் குழந்தைகளிடையே இரண்டாம் முறைத் தொற்று கடுமையாவதைக் கவனித்து இந்தக் கருத்தை வளர்த்தவர் ஸ்காட் ஹால்ஸ்டெட். அதே பழைய எதிர்ப்பொருள்கள் என்.எஸ்.1 புரதத்தையும் பற்றிக்கொண்டு பரிசோதனையின் கண்ணில் படாமல் மறைத்துவிடும். அதாவது எவருக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதலோ, அவரிடமே என்.எஸ்.1 தவறிப்போகும் வாய்ப்பும் கூடுதல். 'டெஸ்ட் நெகட்டிவ்' என்ற சீட்டோடு வீடு திரும்பிய பிள்ளையை மறுநாளும் மருத்துவர் வரச் சொல்வதன் காரணம் இது. சிலருக்கு அது அலைக்கழிப்பாகத் தெரியலாம். சொன்னபடி போய்விட வேண்டும்.

தனியார் ஆய்வகங்களில் கிடைப்பது பெரும்பாலும் கார்டு. கட்டைவிரல் அகலப் பிளாஸ்டிக் பட்டை, அதில் ஒரு சிறு குழி. சில சொட்டு விட்டால் கால் மணி, இருபது நிமிடத்தில் கோடுகள் எழும். மேலே இருப்பது கட்டுப்பாட்டுக் கோடு. அது வரவில்லை என்றால் கார்டே செல்லாது. மற்றொன்று என்.எஸ்.1 அல்லது ஐஜிஎம், ஐஜிஜி. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் மங்கலான கோட்டை ஒருவர் 'பாசிட்டிவ்' என்பார், பக்கத்தில் இருப்பவர் 'இல்லை' என்பார். ஐஜிஜி கோடு மட்டும் வந்ததைக் காட்டி 'டெங்கு இருக்கு' என்று குடும்பமே அழுவதும் உண்டு. ஐஜிஜி பழைய தொற்றின் தடம். ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-18-இல் 15 மாநிலங்களில் நடத்திய ரத்த ஆய்வில் 48.7 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே டெங்கு வந்துபோன அடையாளம் இருந்தது. தென் மாநிலங்களில் அது 76.9 சதவீதம். காய்ச்சலே இல்லாத நான்கு பேரை நம் தெருவில் நிறுத்தி ஐஜிஜி பார்த்தால் மூன்று பேருக்குக் கோடு வரலாம் என்று பொருள். இரண்டாம் முறைத் தொற்றில் ஐஜிஜி விரைவாகவும் உயரமாகவும் ஏறும் என்பது உண்மை. ஆனால் அதை ஒற்றைக் கோட்டால் அளக்க முடியாது.

எலிசா பரிசோதனை வேறு வகை உழைப்பு. 96 சிறு கிண்ணங்கள் பதிந்த ஒரு தட்டு. ஐஜிஎம் எலிசாவில் கிண்ணத்தின் அடியில் மனித ஐஜிஎம்மைப் பிடிக்கும் பொருள் பூசியிருக்கும். நோயாளியின் சீரத்தை விட்டால் ஐஜிஎம் அங்கே ஒட்டிக்கொள்ளும், கழுவுவார்கள். டெங்கு வைரஸின் எதிர்ச்செனியை (ஆன்டிஜென்) விடுவார்கள், டெங்குவுக்கான ஐஜிஎம் இருந்தால் அது பற்றிக்கொள்ளும், மறுபடி கழுவுவார்கள். நொதி சேர்ந்த எதிர்ப்பொருள், பிறகு நிறம் தரும் கரைசல். டெங்கு ஐஜிஎம் இருந்த கிண்ணங்கள் நீலமாகும். அமிலம் விட்டதும் மஞ்சளாகி நிற்கும். அந்த மஞ்சளின் அடர்த்தியைக் கண் அளப்பதில்லை, கருவி எண்ணாகச் சொல்கிறது. மங்கல் கோட்டுத் தகராறு இங்கே இல்லை. ஆனால் இது பல மணி நேர வேலை. தட்டு நிரம்பும் அளவுக்கு மாதிரிகள் சேர்ந்த பிறகு போடுவதும் வழக்கம். முடிவு மறுநாள் வரலாம். கொசுவால் பரவும் நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் கணக்கில் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 எலிசா, அதற்குப் பிறகு ஐஜிஎம் எலிசா. இவைதான் உறுதிப்படுத்தும் பரிசோதனைகள். கார்டின் முடிவு உறுதியாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

எலிசாவுக்கும் ஒரு குறை உண்டு. டெங்கு வைரஸும் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஜப்பானிய மூளையழற்சி வைரஸும் ஒரே குடும்பம். பக்கத்து விருத்தாசலம் பகுதியின் நெல்வயல்களில் அந்த நோயைப் பரப்பும் கொசுக்களை மதுரையின் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறது. ஒன்றுக்கு உண்டான ஐஜிஎம் மற்றொன்றின் பரிசோதனையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளக்கூடும். தவிர, ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்குவதால், போன மாதம் வந்துபோன டெங்குவின் ஐஜிஎம் இந்த மாத உண்ணிக் காய்ச்சலுக்குப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளலாம். ஆகவே இங்கே ஒற்றை ஐஜிஎம் முடிவை நோயாளியின் உடம்போடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

டெங்கு உறுதியான பிறகு வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே எண்: தட்டணு. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது எண்பதாயிரம் ஆனது, ஐம்பதாயிரம் ஆனது என்று உறவினர்களுக்குத் தொலைபேசிச் செய்தி போகிறது. பப்பாளி இலைச் சாறு தேடி ஆள் ஓடுகிறது. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு இல்லை, ரத்தக் குழாய்களின் கசிவு. நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்து வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகி அழுத்தம் விழுகிறது. இதைக் காட்டும் எண் பி.சி.வி., சிலர் ஹெமடோகிரிட் என்பார்கள். நூல் போன்ற கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, வேகமாகச் சுழற்றினால் அடியில் சிவப்புத் தூண், மேலே வைக்கோல் நிறத் தெளிவு, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. சிவப்புத் தூண் முழு உயரத்தில் எத்தனை சதவீதம் என்பதே பி.சி.வி. இப்போது கருவியே சொல்லிவிடுகிறது. ஒரு பிள்ளைக்கு இரண்டாம் நாளில் 36 இருந்தது, ஐந்தாம் நாளில் 44 என்றால், 20 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது, நீர் கசிகிறது. ஐந்தாம் நாளில் 44 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அதில் எதுவும் தெரியாது. காய்ச்சலின் தொடக்கத்திலேயே ஒரு முழு ரத்த எண்ணிக்கை பார்த்து அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது அதற்காகத்தான். அந்தச் சீட்டில் வெள்ளையணுக்கள் 5000-க்குக் கீழே இறங்கியிருந்தால் அதுவே டெங்குவின் முன்கூட்டிய சாடை.

தட்டணு ஏற்றுவது பற்றி ஒரு சொல். 2017-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தட்டணு 20,000-க்கு இறங்கிய, ஆனால் ரத்தக்கசிவு இல்லாத 372 பெரியவர்களை எடுத்துக்கொண்டது. ஒரு பாதிக்குத் தட்டணு ஏற்றினார்கள், மறு பாதிக்கு இல்லை. ரத்தக்கசிவு வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; ஏற்றியவர்களிடம் பக்கவிளைவுகள் கூடுதல். கண்ணீரோடு ரத்த வங்கி வாசலில் நிற்கும் தந்தையிடம் இந்த எண்களைச் சொன்னால் ஆறுதல் வராது. ஆனாலும் மருத்துவர் 'இப்போது ஏற்ற வேண்டாம்' என்றால் கைவிட்டுவிட்டார் என்று எண்ண வேண்டியதில்லை.

கசிவு எப்போது தொடங்கும்? காய்ச்சல் இறங்கும்போது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்பு குளிரத் தொடங்குகிறது. வீட்டில் 'விட்டுப் போச்சு' என்று மூச்சு விடுகிறார்கள். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் டெங்குவின் ஆபத்தான கட்டம். வயிற்றைத் தொடவிடாத வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், சில்லிட்ட கைகால், சிறுநீர் குறைதல், பிள்ளை காரணமில்லாமல் துவண்டு கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது: இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். அரியலூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி கல்லங்குறிச்சிக்குச் சில கிலோமீட்டர்தான். முன்போல எதற்கெடுத்தாலும் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் ஓட வேண்டிய தூரம் இன்று இல்லை. நேரத்தோடு அளவறிந்து நீரேற்றினால், கடுமையான டெங்குவிலும் இறப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே வந்துவிடுகிறது.

ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும் என்ற நம்பிக்கை இந்த நாள் கணக்கைக் குலைத்துவிடுகிறது. வலி நிவாரணி ஊசி போட்டு வியர்த்துக் காய்ச்சல் இறங்கினால், அது நோயின் இறக்கமா, மருந்தின் இறக்கமா என்று தெரியாமல் போகிறது. டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவையும் கூட்டும். தட்டணு குறைந்தவருக்குத் தசையில் போடும் ஊசியே ரத்தக்கட்டாகலாம். எடைக்கேற்ற பாரசிட்டமால், கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ்.; வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவே. நிலவேம்புக் குடிநீர் குடிப்பதில் எனக்கு எதிர்ப்பில்லை. அதைக் குடித்த தெம்பில் மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் என்னை வருத்துகிறது.

தமிழ்நாடு 2012-இல் 66 பேரையும் 2017-இல் 65 பேரையும் டெங்குவுக்குப் பறிகொடுத்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. 2017-இல் பதிவான நோயாளிகள் 23,294 பேர். இந்தக் கணக்கில் ஏறுவதற்கு ஒரு பெயர் உறுதியாக வேண்டும். கார்டில் கோடு பார்த்து வீட்டிலேயே கிடந்து தேறியவர் இதில் பெரும்பாலும் வரமாட்டார். எலிசாவில் உறுதியான பெயரும் தெருவும் சுகாதாரத் துறைக்குப் போகின்றன. அடுத்து டார்ச் விளக்கும் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்துமாகக் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் அந்தத் தெருவுக்கு வருகிறார். நோயாளியின் வீட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வாசலிலும் தொட்டியின் மூடியைத் தூக்கி, நீர்ப்பரப்பில் விளக்கடித்துப் பார்க்கிறார். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்குகின்றன.